மினுங்குது பார், பிள்ளை!

எங்கட கோயில் கிணற்றடியில ஒரு கல் கிடந்தது. கால் கழுவ ஏறி நிக்கிற கல். ஒரு பக்கம் நாலு வரி எழுத்து, பாதி தேய்ஞ்சு போனது. சின்ன வயசில பொங்கல் இறக்குமட்டும் அதில குந்தியிருந்து எழுத்துக் குழியளுக்குள்ள விரலை ஓட்டிக்கொண்டிருப்பன்.

போன கிழமை போனால் கல்லைக் காணேல்ல. கிணற்றடி முழுக்க ரைல்ஸ்.

"அந்தக் கல்லு எங்க அண்ணை?"

"உள்ளுக்கதான் பிள்ளை கிடக்கு. மேலால சீமெந்து போட்டு ஒட்டியாச்சு. மினுங்குது பார்!"

விசர் வராதா?

இதே ஆக்கள் தேத்தண்ணிக் கடையில பறங்கியன்ர, அதுதான் போர்த்துக்கீசன்ர, கதையைத் தொடங்கினால் விடமாட்டினம். 1622இல சித்திரை வருஷப்பிறப்பண்டு திருக்கோணமலைக் கோணேசர் கோயிலை உடைச்சு, அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினவன் எண்டு. உண்மைதான். ஆனால் கோட்டை வாசல்ல இரட்டைக் கயலும், 'முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை' எண்டு தொடங்கிற எழுத்தும் இண்டைக்கும் நிக்குது. பறங்கியன்ர சுவரிலகூட எழுத்து வெளியாலதான் பார்க்குது! எங்கட ஆக்கள் கவிழ்த்துப்போட்டு மேலால பூசிட்டினம்.

தூணுகளைப் பற்றிக் கேக்காதேங்கோ. கருங்கல்லுக்குச் சில்வர் பெயின்ற். கல்வெட்டைப் படியெடுக்கிறதெண்டால் ஈரக் கடதாசியை ஒட்டி, பிறஷால தட்டித் தட்டிக் குழிக்குள்ள இறக்கி, மேலால மை ஒத்த வேணும். குழியைப் பெயின்ற் நிரப்பினால் கடதாசி எங்க இறங்கும்? பிறகு பெயின்ற் உரியுதெண்டு கிறைண்டரைப் பிடிப்பினம். எழுத்தும் சேர்ந்து போகும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினது இன்னொரு கூத்து. கடற்கரை ஊர். உப்புத் தண்ணி வெளியேற வழியில்லாமல் உள்ளுக்க நிண்டு கல்லையே பொருக்காக்குது.

"எழுத்திருக்கெண்டு வெளியில சொன்னால் தொல்பொருள் திணைக்களக்காரர் வந்து வளவுக்கே எல்லை போட்டிடுவாங்கள்" எண்டார் அண்ணை, குரலைத் தாழ்த்தி. அந்தப் பயத்தை நான் பிழை சொல்லமாட்டன். இந்த மாவட்டத்தில இருக்கிற எவருக்கும் அது விளங்கும். ஆனால் பெரியகுளத்தடி வெல்கம் விகாரை சோழர் காலத்தில 'இராசராசப் பெரும்பள்ளி' எண்டும் பேர் கொண்டிருந்தது, தமிழாக்கள் அங்க தானம் குடுத்தவை எண்டு எப்பிடித் தெரியும்? அங்க கிடந்த தமிழ்க் கல்வெட்டுகளை வாசிக்கக் கூடியதாய் இருந்ததாலதான். எங்கட சாட்சியை நாங்களே சீமெந்தில தாட்டுப்போட்டு ஆரிட்டப் போய் வழக்குச் சொல்லுறது?

பகிடி என்னெண்டால், ரைல்ஸுக்கு மேல புதுக் கல்லொண்டு பதிச்சிருக்கு. கறுப்புக் கிறனைற், தங்க எழுத்து. 'உபயம்' எண்டு போட்டு வெளிநாட்டில இருக்கிற ஒரு குடும்பத்தின்ர பேர். பழைய கல்வெட்டுகள்ள முக்காவாசி என்ன சொல்லுது? இன்னார் விளக்குக்குக் குடுத்தார், இன்னார் காணி குடுத்தார் எண்டுதானே. ஆர் கண்டது, கீழ கிடக்கிறதும் ஒரு உபயக் கல்லாய் இருக்கலாம்.

படமெடுத்து வைச்சிருக்கோ எண்டு கேட்டன். ரைல்ஸ் ஒட்டினது முப்பது படம் காட்டினார். கல்லு ஒண்டிலயும் இல்லை.

வீட்ட வந்து பழைய அல்பத்தைக் கிண்டினன். தங்கச்சி பாவாடை சட்டையோட கிணற்றடியில நிக்கிற படமொண்டு கிடைச்சுது. அவளின்ர காலுக்குக் கீழ அந்தக் கல். எழுத்துள்ள பக்கத்தைப் பாவாடை மறைக்குது.