ரெண்டு ஆரஞ்சுக்கு நடுவில் என் உயிர்

மெஜந்தா 50-ஆ, 60-ஆ? சாதாரண அச்சில் ஒரு கலர் என்பது நீலம், மெஜந்தா என்கிற ரோஸ், மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையில் எது எத்தனை பர்சென்ட் என்ற கணக்குதான். என்னிடம் இருந்தது ரெண்டு ஆரஞ்சு. மஞ்சள் ரெண்டிலும் 100. நீலம், கறுப்பு சுத்தமாகக் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான். இந்தப் பத்து பர்சென்ட் மெஜந்தாவுக்காக ஒரு குடும்பமே சேர்ந்து என் உயிரை வாங்கிவிட்டது. டிசைன் வேலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சென்னை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. திறப்பு விழா நெருங்கிவிட்டது. போர்டு, கட்டைப்பை, பில் புக், நோட்டீஸ் எல்லாமே ஒரே கலரில் வர வேண்டும் என்றார் ஓனர். ஆரஞ்சு என்று அவரே முடிவும் பண்ணினார். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கட்டம் போட்டுக் காட்டினேன்.

"ரெண்டுமே சூப்பரா கீது தம்பி. வீட்ல கேட்டுச் சொல்றேன்."

இந்த "வீட்ல கேட்டுச் சொல்றேன்" வந்துவிட்டதா, அந்த வேலை இனிமேல் நம் கையில் இல்லை.

நான் அனுப்பியது பிடிஎஃப். அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டார். வாட்ஸ்அப் அதை அமுக்கி அனுப்பியது. அப்புறம் ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்கு ஒரு கலர் காட்டியது. பையன் வைத்திருப்பது அமோலெட் திரை, அதிலும் கலரை ஏற்றிக் காட்டும் விவிட் மோட். அவனுக்கு ரெண்டுமே கண்ணைக் குத்துகிறதாம். பெரியம்மா போனில் பொழுது சாய்ந்தால் திரை தானாக மஞ்சளாக மாறும், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ செட் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மஞ்சளுக்குள் ரெண்டு ஆரஞ்சும் ஒன்றாகிவிட்டன. "இன்னாப்பா இது, ஒன்னையே ரெண்டு தபா அனுப்பிக்கீறான் அந்தப் புள்ள" என்று வாய்ஸ் மெசேஜ். அதை எனக்கும் ஃபார்வர்ட் பண்ணுகிறார் ஓனர்! மச்சானுக்கு 60 போட்டது ஏதோ கட்சிக் கொடி மாதிரி தெரிந்தது. எந்தக் கட்சி என்று கேட்டேன். "அது தெர்ல, பார்த்தா அப்பிடித் தோணுது. எதுக்குப் பிரச்னை?" கடை வைப்பவருக்கு அந்தப் பயம் நியாயம்தான், இந்த ஊரில் சிவப்பும் மஞ்சளும் கிட்டக் கிட்ட வந்தாலே கொடிதான் ஞாபகம் வரும். ஆனால் பத்து பர்சென்ட் மெஜந்தாவில் எந்தக் கட்சியும் உருவாகாது, எந்தக் கட்சியும் கலையாது.

சரி, நேரில் வாருங்கள், பிரிண்ட் போட்டே காட்டுகிறேன் என்றேன். வந்தார், கூடவே ஒரு பட்டுப்புடவையும் வந்தது. அந்த பார்டர் கலர் வேண்டுமாம். ஆர்ட் பேப்பரில் ரெண்டு சாம்பிள் எடுத்துக் கொடுத்தேன். என் ரூமில் எல்இடி ட்யூப்லைட், வெள்ளை வெளிச்சம். அதில் 60 பார்டரோடு அப்படியே ஒத்துப்போனது. முகம் மலர்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன். மனுஷன் நேராக வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்த்தார். "இன்னா தம்பி, வெளிய மாறுதே!"

மாறும். கட்டாயம் மாறும். பட்டில் ஏறியிருப்பது சாயம், காகிதத்தில் இருப்பது அச்சு மை. பொருளே வேறு. ஒரு விளக்கில் ரெண்டும் ஒன்றாகத் தெரியும், விளக்கை மாற்றினால் பிரிந்துவிடும். இதனால்தான் அச்சுக் கலரைப் பார்ப்பதற்கென்றே 5000 கெல்வின் வெளிச்சம் என்று ஒரு கணக்கை உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். பொறுமையாகச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம், ரெண்டு வெளிச்சத்துலயும் ஒரே மாதிரி வர கலர் குடு" என்கிறார்.

அதோடு விட்டாரா? "போன்ல பார்த்தது இதவிட பளிச்சுனு இருந்துச்சே." இந்த ஒரு வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன் திரை வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்குள் அனுப்புகிறது. காகிதம் மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அதிலும் நாலு கலர் அச்சில் ரொம்பவும் அடி வாங்குவது இந்த ஆரஞ்சுதான். மெஜந்தாவையும் மஞ்சளையும் கலந்து எவ்வளவுதான் ஏற்றினாலும் அந்தப் பளபளப்பு வராது. 1990-களில் கலர் கணக்குக்கே பேர்போன பான்டோன் கம்பெனி ஆறு மை வைத்து ஒரு அச்சு முறையே கொண்டுவந்தது, நாலோடு கூடுதலாகச் சேர்த்த ரெண்டில் ஒன்று ஆரஞ்சு. அந்த அளவுக்குத் தலைவலி பிடித்த கலர் இது. அதே ஆரஞ்சு வேண்டுமென்றால் தனி மை போட்டு அடிக்கலாம், தனி பிளேட், தனிச் செலவு என்றேன். செலவு என்றதும் போன் கலர் மறந்துபோனது. ஆண்டர்சன் தெருவில் பேப்பர் என்ன விலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கோபம் இதில்கூட இல்லை. இவ்வளவு அலசிய குடும்பத்தில் ஒருத்தர்கூட எழுத்தைப் பார்க்கவில்லை. ஆரஞ்சு மேல் வெள்ளை எழுத்து கேட்கிறார்கள், அதுவும் மெலிசான எழுத்து! வேண்டாம் என்று தலைகீழாக நின்றேன். "வெள்ளைதான் ரிச்சா கீது" என்கிறார்கள்.

திரையில் மை கிடையாது, சிவப்பு, பச்சை, நீல வெளிச்சம்தான், ஒவ்வொன்றுக்கும் 0-லிருந்து 255 வரை அளவு. அதில் சாதாரண ஆரஞ்சு என்பது சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0. கொஞ்சம் அழுத்தமானது வேண்டுமென்றால் பச்சையை 140-க்கு இறக்க வேண்டும். முதல் ஆரஞ்சு மேல் வெள்ளை வைத்தால் காண்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், கிட்டத்தட்ட 2, அடுத்ததில் 2.3. இணையப் பக்கங்களுக்கான விதி சின்ன எழுத்துக்கு 4.5 கேட்கிறது, பெரிய எழுத்துக்கே 3 வேண்டும். ரெண்டு ஆரஞ்சும் அதில் ஃபெயில். அதே இடத்தில் கறுப்பை வையுங்கள், இந்த ரெண்டில் எந்த ஆரஞ்சாக இருந்தாலும் 9-க்குக் குறையாது. ஆக, சண்டை போட வேண்டியது வெள்ளையா கறுப்பா என்பதற்கு. மெஜந்தா 50-ஆ 60-ஆ என்று கடைக்கு வருகிற ஒரு கஸ்டமரும் கேட்கப் போவதில்லை. கல்மண்டபம் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் அம்மாவுக்குக் கடைப் பேரைப் படிக்க முடிகிறதா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தேன். போர்டு மேற்குப் பார்த்து நிற்கும், முழு மத்தியான வெயிலும் அதன் மேல்தான். ஃப்ளெக்ஸில் முதலில் வெளுத்துப் போவது மஞ்சளும் மெஜந்தாவும். ராயபுரத்தில் ஏதாவது ஒரு பழைய போஸ்டரைப் பாருங்கள். சிரிக்கிற மனுஷன் முகம், கழுத்துச் சங்கிலி, மாலை எல்லாம் நீலமாகி, ஓரத்தில் மட்டும் மடிப்புக்குள் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருக்கும். இந்த 50, 60 எல்லாம் அந்த வெயிலுக்கு எம்மாத்திரம்?

பக்கத்தில் என்ன கலர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கண் ஒரு கலரை எடை போடும். பாரிஸ் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயத்துக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்பவர் இதை 1839-லேயே எழுதி வைத்துவிட்டார். கறுப்பு நூல் கறுப்பாக இல்லை என்று அவரிடமும் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் ஓடிய நூலின் கலர்தான் கறுப்பைக் கெடுத்தது. என்னிடம் வந்த இந்த ரெண்டு ஆரஞ்சும் ஒட்டி ஒட்டி இருப்பதால்தான் வித்தியாசம் தெரிகிறது. தனித்தனியாக வைத்துவிட்டு எது 60 என்று கேளுங்கள், அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் சொல்லட்டும் பார்ப்போம்.

கடைசியில் ராத்திரி மெசேஜ் வருகிறது. "தம்பி, ரெண்டும் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டுக்கும் நடுவுல ஒன்னு போடு." 55 போட்டு அனுப்பினேன். பெரியம்மா வரைக்கும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "இத மொதல்லயே குடுத்துருந்தா இவ்ளோ அலைச்சல் இல்லல்ல?"

எழுத்து இன்னமும் வெள்ளைதான்.

அதற்குள் நோட்டீஸ் மேட்டர் வந்து விழுந்திருக்கிறது. வேர்ட் ஃபைல். திறந்தால் தமிழ் ஒரு எழுத்தில்லை, அத்தனையும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும். யாரோ பாமினியில் டைப் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள், அது பழைய தமிழ் ஃபான்ட், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் இப்படித்தான் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்தாயிற்று ஐயா! கையில் இருக்கிற போனில் தமிழில்தானே பெரியம்மாவோடு சண்டை போடுகிறீர்கள், அதே போனில் இந்த நாலு வரியையும் அடித்து அனுப்ப முடியாதா?