கனடா துப்பாக்கிப் பதிவை மொத்தமாக ஒழிக்கவில்லை

"கனடா 2012-இல் துப்பாக்கிப் பதிவையே தூக்கிவிட்டது, பதிவால் குற்றம் குறையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

அந்த ஆண்டு தூக்கப்பட்டது வேட்டைக்குப் பயன்படும் சாதாரண ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளின் பதிவேடு மட்டும். கைத்துப்பாக்கிகளுக்கு 1934 முதல் இருக்கும் பதிவு அப்படியே தொடர்ந்தது. எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும் என்ற விதியும் போகவில்லை. கியூபெக் மாகாணமோ ஒழிக்கப்பட்ட பதிவேட்டின் பழைய தரவைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-இல் தோற்று, 2018-இல் தனக்கென்று ஒரு பதிவேட்டையே தொடங்கியது. பயனில்லை என்று எல்லாரும் கைகழுவியதாகச் சொல்ல முடியாது, பாருங்கள்.

செலவு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நிகரச் செலவு 20 லட்சம் டாலர்தான் என்று ஆரம்பித்த பதிவேட்டுத் திட்டம் 100 கோடியைத் தாண்டும் என்று 2002-இல் தலைமைத் தணிக்கையாளரே சொன்னார். (அரசாங்கக் கணக்கு!)

அப்புறம், நீளத் துப்பாக்கிக் கொலைகள் அந்தப் பதிவேடு வருவதற்கு முன்பே, 1970-களிலிருந்தே குறைந்து வந்தன. ஆகவே குறைந்ததற்கெல்லாம் பதிவேடுதான் காரணம் என்பவர்களும் அவசரப்படுகிறார்கள். 1995 சட்டம் உரிமத்தையும் நீளத் துப்பாக்கிப் பதிவையும் சேர்த்தே கொண்டுவந்ததால், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பதும் கஷ்டம்.