நீ தமிழா, கிறிஸ்டியனா?

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டர்பனுக்கு ஊழியத்துக்கு வந்து எங்களுக்கு இது மூன்றாவது கிறிஸ்மஸ். இதை எழுதினால் ஊரில் எங்களைத் தாங்குகிற சிலருக்கு மனம் கோணும். கோணட்டும்.

நாங்கள் குடியிருப்பது சாட்ஸ்வொர்த். ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று வெள்ளையர் அரசு 1950-இல் போட்ட குழுப் பகுதிகள் சட்டத்தின் பேரில், கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இருந்த இந்தியர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட இடம். வீடு எங்கே ஒதுக்கினார்களோ அங்கே போக வேண்டியதுதான். அதனால் எங்கள் தெருவில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் கலந்துதான் இருக்கிறோம். டிசம்பர் 16 இங்கே நல்லிணக்க நாள், அரசு விடுமுறை. அன்றைக்குக் கம்யூனிட்டி ஹாலில் எங்கள் தெரு கிறிஸ்மஸ் கொண்டாடும். நடத்துவது சபை அல்ல, தெருக்காரர்கள். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட ரெண்டு வருஷம் ஆனது.

இந்தத் தடவை ஐந்து நிமிஷம் பேசி ஜெபிக்கச் சொல்லி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்த ஊழியம் உருளைக்கிழங்கு உரிப்பது. டர்பன் பிரியாணியில் உருளைக்கிழங்கும் முழு மசூர் பருப்பும் கட்டாயம். "பிரியாணியில பருப்பா?" என்று முதல் வருஷம் முகம் சுளித்தவள் நான். இப்போது பருப்பு இல்லாவிட்டால் இறங்க மாட்டேன் என்கிறது. கறி ஹலால் கடையில்தான் வாங்குவார்கள், மாட்டுக்கறி கிடையாது, மரக்கறிக்குப் பானையும் கரண்டியும் தனி. இதற்கென்று யாரும் கூட்டம் போட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. டிசம்பர் இங்கே கோடை வேறு. அந்த வெக்கையில் ஜன்னலோரமாக ஆறு பெண்கள் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் இருந்த ஆன்ட்டிக்கு எழுபது வயது இருக்கும். பேச்சு முழுக்க ஆங்கிலம், நடுநடுவே 'ஐயோ', 'தாத்தா' மட்டும் தமிழ். நான் குனிந்தபோது என் சங்கிலி வெளியே வந்து தொங்கியது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு மாவு ஒட்டியிருந்த விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ கிறிஸ்டியன்தானே?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்போ இது?"

"தாலி. சிலுவை வச்ச தாலி. எங்க ஊர்ல கிறிஸ்தவங்களுக்கும் தாலிதான்."

நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் தங்கச்சி கதையைச் சொன்னார். தங்கச்சி முப்பது வருஷத்துக்கு முன்னால் ரட்சிக்கப்பட்டாளாம். தாலியைக் கழற்றினாள், குத்துவிளக்கைத் தூக்கிக் கொடுத்தாள், அம்மா திவசத்துக்கு வருவதையும் நிறுத்தினாள். "அவ முந்தித் தமிழ். இப்போ கிறிஸ்டியன்."

இந்த நாட்டுக்கு வராதவர்களுக்கு இது விளங்காது. இங்கே தமிழ் என்றால் பாஷை மட்டும் இல்லை, மதமும்தான். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் தமிழ், சர்ச்சுக்குப் போகிறவர் கிறிஸ்டியன். ஒரே ஆள் ரெண்டுமாக இருக்க முடியாது என்பது பலருடைய எண்ணம். பாளையங்கோட்டையில் கிறிஸ்மஸுக்கு வாசலில் நட்சத்திரக் கோலம் போட்டு, முந்திரிக்கொத்து சுட்டு, கீர்த்தனை பாடி வளர்ந்த எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போகப் போகத்தான், கோபப்பட வேண்டியது அவர்கள் மேல் இல்லை என்று புரிந்தது.

1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. ரெண்டே வருஷத்தில், 1862-இல், ரால்ஃப் ஸ்டாட் என்கிற மெதடிஸ்ட் மிஷனரி வந்தார். இங்கிலாந்துக்காரர், ஆனால் இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்றவர். அதற்காகவே அவரை அனுப்பினார்கள். 1903-இல் ஜான் ரங்கையா தெலுங்கு நாட்டிலிருந்து வந்து தெலுங்கு ஜனங்கள் நடுவில் ஊழியம் செய்தார். பாஷை தெரிந்தவரைத் தேடி அனுப்பிய காலம் அது. இப்போது தமிழ்நாட்டிலிருந்தே வருகிற நாங்கள் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்கிறோம், பாஷை போய்விட்டது, வேறு வழியில்லை. ஆனால் பாஷை போனதோடு விட்டோமா? கோலம் போடாதே, பொட்டு வைக்காதே, தாலியைக் கழற்று என்று மிச்சம் இருந்ததையும் பறித்தது சபைக்காரர்களாகிய நாம்தானே? தங்கச்சியிடம் தாலியைக் கழற்றச் சொன்ன போதகர் யாரோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதையே சொல்லக்கூடியவர்கள் எனக்குத் தெரியும்.

விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி ஊரிலிருந்து எங்களை அனுப்பியவர்கள் போன். "ஹால் நிறைய வெளி ஜனங்க. விட்டுடாதீங்க. இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னு அழைப்புக் கொடுங்க, கை தூக்கினவங்க எத்தனை பேர்னு எண்ணி போட்டோவோட அனுப்புங்க, ஜனவரி ஜெபக் கடிதத்துல போடணும்." இவர் 'பார்க்கலாம்' என்றார். மறுநாள் லூக்காவில் இருக்கிற சத்திரத்துக் கதையைச் சொன்னார், தெருவில் வேலை இல்லாத பிள்ளைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபித்தார், உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொல்லவில்லை. சாயங்காலமே போன் வந்தது, சந்தர்ப்பத்தை வீணாக்கிவிட்டோமாம்.

நான் இவர் பக்கம்தான். சுவிசேஷம் சொல்ல எங்களுக்கு வெட்கம் இல்லை. போதை மருந்தில் மாட்டிய பிள்ளையைப் பற்றி அழ ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுகிற அம்மாவுக்கு இயேசுவைப் பற்றித்தான் சொல்கிறோம், கேட்கிறவர்களுக்கு எல்லாம் சொல்கிறோம். ஆனால் அவர்கள் ஹால், அவர்கள் பானை, அவர்கள் மட்டன். நம் பண்டிகைக்கு அவர்களே செலவு செய்து நம்மை விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்களை எண்ணிக்கொண்டு போவது எப்படி நியாயம்?

யோக்கியம் பேசுவதாக நினைக்காதீர்கள். முதல் வருஷம் நானே செய்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்த பரிசுப் பையில், கலர் பென்சிலுக்கு அடியில் சுவிசேஷக் கைப்பிரதி வைத்தேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பையன் அதை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து நீட்டினான். "அம்மா இதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க. பென்சிலை நான் வச்சுக்கலாமா ஆன்ட்டி?"

மீதி நானூறு பிரதி இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

இருபத்தேழாம் தேதி அந்த ஆன்ட்டி ஒரு டப்பா லிச்சிப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். ரொம்ப நேரம் எதையோ பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "புது வருஷத்துக்கு என் தங்கச்சி வர்றா. நீயும் வா. அதை உள்ளே விட்டுக்காம, வெளியே தெரியுற மாதிரி போட்டுட்டு வா."