விலையைக் கேட்டால் விலையைச் சொல்லுங்கள்

ஒரு மோட்டார் சைக்கிள் என்ன விலை? இந்தக் கேள்விக்கு ஒரு தொகையைப் பதிலாகச் சொல்வதில் அப்படி என்ன கஷ்டம்? மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் கேட்டால், “டெபாசிட் எவ்வளவு போட முடியும்?” என்கிறார்கள். இன்னொரு கடையில், “மாசம் எவ்வளவு கட்டுவீங்க?” இன்னொன்றில் எடுத்த எடுப்பிலேயே, “பே ஸ்லிப் கொண்டாந்தீங்களா?” நான் கேட்டது விலை. விற்கிறவர் நீங்கள். என் பையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் முதலில் சொல்ல வேண்டுமாம், அதற்குத் தகுந்த மாதிரி நீங்கள் விலை வைப்பீர்களாம். இதற்குப் பெயர் வியாபாரமா?

தம்பிக்குச் செம்மோர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிஃப்ட் வேலை. நாங்கள் இருக்கும் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்கே செம்மண் பாதையில் வெகுதூரம். ராத்திரி பதினொரு மணிக்கு எந்த பஸ் அங்கே வரும்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் ஆடம்பரம் இல்லை, அது இல்லையென்றால் வேலை இல்லை. இது கடைக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இந்தப் பிடி பிடிக்கிறார்கள்.

அம்மா ரப்பர் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்கு மருந்தடித்து, உரம் போட்டு, 55 வயதில் எடுத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஒரு பகுதியைத் தம்பிக்காக ஒதுக்கி வைத்திருந்தார். “கடன் வேணாம்யா, கையில காசக் குடுத்து எடு” என்பது அவர் சொன்ன ஒரே நிபந்தனை. வாழ்க்கை முழுக்கக் கடைக் கணக்கில் பெயர் எழுதியே காலம் தள்ளியவர் சொல்வது அது. அதனால் ரொக்கத்தோடு போனோம். ரொக்கத்தோடு போனால் மரியாதை கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“கேஷா? கேஷ்னா ஸ்டாக் இல்லக்கா. மூணு மாசம் ஆகும். லோன் போட்டீங்கன்னா இந்த வாரமே எடுத்துட்டுப் போலாம்.”

அதே மோட்டார். அதே நிறம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது, நான் கையால் தொட்டுப் பார்த்த வண்டி. கடன்காரனாக வந்தால் இருக்கிறது, காசோடு வந்தால் இல்லை. கடன் நிறுவனம் ஒவ்வொரு கடனுக்கும் கடைக்குக் கமிஷன் கொடுக்கிறது. வண்டியில் வரும் லாபத்தோடு அதையும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ரொக்கம் கொடுக்கிறவனால் அந்த இரண்டாவது லாபம் போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். அதை நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே. ஸ்டாக் இல்லை என்று என் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சரி, விலைக்கு வருகிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இந்த மோட்டாருக்கு 8,500 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில் ரோட்டெக்ஸ் (சாலை வரி), இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் தனி என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்தான் மொத்தத் திருட்டும் நடக்கிறது. எங்களிடம் கடைசியில் சொன்ன ‘ஆன் தி ரோட்’ விலை 10,800. நடுவில் இருக்கும் 2,300 வெள்ளி எதற்கு என்று கேட்டேன். “ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ், அது இதுன்னு இருக்குல்ல.”

ரோட்டெக்ஸா? 150 சிசி வரைக்கும் மோட்டாருக்கு வருடத்துக்கு 2 வெள்ளி ரோட்டெக்ஸ். இரண்டே வெள்ளி. இன்சூரன்ஸ் சில நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். அதிலும் தம்பி தன் பழைய மோட்டாருக்கு வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டி, ஒரு கிளெய்மும் எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த என்.சி.டி. தள்ளுபடி இருக்கிறது. மோட்டாருக்கு அது 25 சதவீதம் வரை போகும், புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைப் பற்றிக் கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்ட பிறகு, “அதெல்லாம் சிஸ்டத்துல பாக்கணும்” என்றார்கள். அப்படியே பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் நேர்மையாகக் கூட்டினாலும் ஆயிரம் வெள்ளியைத் தொடாது. மிச்சம் எங்கே போகிறது? ‘ஹேண்ட்லிங்’ என்று ஒன்று. ‘டாக்குமெண்ட்’ என்று ஒன்று. அலாரம், கோட்டிங், ஹெல்மெட், மழைக்கோட்டு. ஹெல்மெட் ‘ஃப்ரீ’ என்றார்கள். எனக்கு அந்த ஹெல்மெட் வேண்டாம், அதற்குரிய காசைக் குறையுங்கள் என்றால், “அது பேக்கேஜ்க்கா, பிரிக்க முடியாது.”

எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு ஐட்டமும், அதற்கு நேரே தொகையும், கடை முத்திரையும். விற்க நின்ற பையனின் முகம் அப்படியே மாறிவிட்டது. கால்குலேட்டரில் தட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். ஒரு பொத்தானை அமுக்கினால் அழிந்துபோகும் விலை. நாளைக்கு வந்து, நேற்று இப்படித்தானே சொன்னீர்கள் என்று கேட்க எந்த ஆதாரமும் என் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்களின் திட்டம். மளிகைக் கடையில் ஒரு டின் சார்டினுக்கு விலை ஒட்டவில்லை என்றால் அதிகாரி வந்து அபராதம் போடுகிறார். ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் மோட்டாரின் மேல் ஒரு விலைச்சீட்டு கிடையாது!

அதற்குப் பிறகுதான் தவணைப் பாட்டு ஆரம்பித்தது. என்னை விட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பிப் பேசினார். “தம்பி, 1,800 போடு. மாசம் 225 தான். ஒரு நாளைக்கு எவ்வளவு வருது? ஏழு வெள்ளி அம்பது காசு. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். அது கூடக் கட்ட முடியாதா உனக்கு?” இருபத்திரண்டு வயதுப் பையனின் ரோஷத்தைத் தொட்டுப் பேசுகிறார். தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கிறான், “ஏழு வெள்ளிதானேக்கா” என்று.

அந்த ஏழு வெள்ளியின் கணக்கை இங்கே போடுகிறேன், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும். 10,800-இல் 1,800 போனால் கடன் 9,000. வட்டி வருடத்துக்கு 10 சதவீதம், பிளாட் ரேட், 5 வருடம். அப்படியென்றால் வட்டி மட்டும் 4,500. மொத்தம் 13,500, அதை 60 மாதத்துக்குப் பிரித்தால் 225. டெபாசிட்டையும் சேர்த்தால் 15,300 வெள்ளி. நிறுவனம் 8,500 என்று போட்ட மோட்டாருக்கு! கிட்டத்தட்ட இரண்டு மோட்டார் விலை. அந்தப் பத்து சதவீதமும் உண்மையான பத்து சதவீதம் இல்லை. பிளாட் ரேட்டில், நாம் மாதா மாதம் கட்டிக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி முதல் நாள் வாங்கிய 9,000-க்கே கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால், இது வருடத்துக்கு 17 சதவீதத்துக்கும் மேலே வருகிறது. இதை அந்தக் கடையில் எந்தச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? “மாதம் 225” மட்டும் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஈ.பி.எஃப்., சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் போக, வீட்டுக்குக் கொடுத்தது போக, பெட்ரோல் போக, மாதம் 225 என்பது ஒரு புதுத் தொழிலாளிக்கு என்ன சுமை என்று தெரியாமலா இருக்கிறார்கள்? ஒரு மாதம் ஓவர்டைம் இல்லையென்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் லயத்து வாசலில் ஆள் வந்து நிற்பான். தவணைக் கொள்முதல் சட்டம் 1967-இன் கீழ் எடுத்த வண்டி என்றால், தொடர்ந்து இரண்டு தவணை தவறி, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, 21 நாள் கழித்துத்தான் பறிக்க முடியும். எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? கையெழுத்துப் போடும்போது ஒரு வரியாவது படித்துக் காட்டினார்களா? நிரப்பாத பாரத்தில் “இங்க, இங்க, இங்க” என்று விரலை வைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதைப் பக்கத்து மேசையில் என் கண்ணால் பார்த்தேன். அதே சட்டம், கையெழுத்துக்கு முன்னாலேயே ரொக்க விலை என்ன, டெபாசிட் என்ன, வட்டி என்ன என்று எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. அந்த மேசையில் அப்படி ஒரு தாளும் இல்லை.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், இதுதான் எனக்கு ஆறவில்லை. விற்க நின்ற பையன் நம் பையன். “நம்ம ஆளுங்கன்னு சொல்றேன்க்கா, வேற யாருக்கும் இந்த விலை தரமாட்டோம்.” அம்மாவை “அம்மா, அம்மா” என்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தண்ணீர் போத்தல் கொடுத்து, அதே வாயால் 2,300 வெள்ளி ஏற்றிச் சொல்கிறார். கடை முதலாளி தவுக்கே உள்ளே உட்கார்ந்திருக்கிறார், நமக்கு நம் ஆளையே அனுப்புகிறார். அந்தப் பையனும் கமிஷனுக்கு நிற்கிறவர்தான், அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும், அது புரிகிறது. ஆனால் “நம்ம ஆளு” என்ற சொல்லைக் கொண்டுவந்து என் அம்மாவின் முன்னால் வைக்காதீர்கள். பேரம் பேச வந்தால் பேரம் பேசுங்கள். உறவைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள்.

இது எந்த ஊர் என்று யோசித்துப் பாருங்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர்களைத் தெருவில் விட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் சீவுகிறவர்களின் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று செய்து காட்டியவர் அவர். அப்படிச் சேர்த்து வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள், சேர்த்த காசைக் கொண்டுபோய் ஒரு மோட்டார் வாங்க முடியவில்லை. காசு வேண்டாம், கடன் வாங்கு என்று துரத்துகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

“டிரிபியூனல்ல போடு” என்று பெரியப்பா மகன் சொன்னார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. நல்ல வழிதான், ஏமாந்து வாங்கியவர்கள் தயவுசெய்து போடுங்கள். ஆனால் அது வாங்கிய பிறகு. அதற்கும் ரசீது வேண்டும், தாள் வேண்டும். விலையையே வாயால் சொல்லி, கால்குலேட்டரில் காட்டி அழிக்கிறவர்களை, வாங்குவதற்கு முன்பே யார் கேட்பது? உள்நாட்டு வாணிப அமைச்சு அதிகாரிகள் பாசாரில் கோழி விலையைப் பார்க்க வருகிறார்கள். வரட்டும், நல்லது. நான்கு கடை தள்ளி மோட்டார் கடைக்குள்ளும் ஒரு தடவை நுழையுங்கள். ரொக்க விலை, ஐட்டம் வாரியான கூடுதல் கட்டணம், கடன் எடுத்தால் கடைசியில் கட்டும் மொத்தத் தொகை, இந்த மூன்றும் ஒவ்வொரு வண்டியின் மேலும் தொங்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். இணையத்தில் விலை போடும் நிறுவனங்களும், அந்த விலைக்கு மேல் ஏற்றி விற்கும் கடைக்கு வண்டி அனுப்புவதை நிறுத்தட்டும். உங்கள் பெயரைத்தான் போர்டில் மாட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் இன்னும் வாங்கவில்லை. அம்மா, “போய்த் தொலையுது, லோனே போடு” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் விடுவதாக இல்லை. ஈப்போ, கோலகங்சார், செம்மோர், எங்கே இருந்தாலும் சரி, ரொக்கத்துக்கு விற்கும், விலையை ஐட்டம் வாரியாக எழுதிக் கொடுக்கும் கடை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். காசு தயாராக இருக்கிறது. அடுத்த வாரம் தம்பிக்கு இரவு ஷிஃப்ட்.