அளந்து பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் ஒரு தம்பியின் மரம் செதுக்கும் இயந்திரத்தில், பழுதுபார்ப்பவர் விட்டுப்போன பழுதை நான் மீட்டரால் அளந்து கண்டுபிடித்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதற்குப் பிறகு என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். "மீட்டரை வைத்துக்கொண்டு பொழுதுபோக்கும் பெரியவர், ஏதோ அதிர்ஷ்டத்தில் கண்டுபிடித்துவிட்டார்." ஐந்து நாள் பேசாமல்தான் இருந்தேன், இன்று முடியவில்லை.

சில்வர் ஓக் மரத்தில் வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்கித் தரும் அந்தத் தம்பியின் சிறிய சிஎன்சி மில்லில், அதாவது கணினிக் கட்டளையில் செதுக்கும் இயந்திரத்தில், வெட்டும் முனையைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது, ஓடினாலும் கேட்ட வேகத்தில் ஓடாது. மலைக்குக் கீழேயிருந்து வந்த பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறந்தார், "போர்டு போய்விட்டது" என்றார், 4,800 ரூபாய்க்கு, இயந்திரத்துக்குக் கட்டளையிடும் கன்ட்ரோலர் போர்டைப் புதிதாக மாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அதே பழுது. "அப்படியானால் டிரைவரும் போயிருக்கும்" என்று, ஸ்பிண்டில் மோட்டாரை ஓட்டும் பெட்டியைப் பற்றித் தொலைபேசியில் தீர்ப்பு வந்தது. இவ்வளவுக்கும் மல்டிமீட்டர் அவருடைய பையை விட்டு ஒருமுறைகூட வெளியே வரவில்லை. என் ஆத்திரம் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

நான் செய்தது மந்திரமல்ல. அதிகபட்ச வேகம் 1000 என்று அமைத்திருந்த அந்த இயந்திரத்துக்கு எம்3 எஸ்500, அதாவது ஸ்பிண்டிலை 500 வேகத்தில் ஓட்டு என்று கட்டளை கொடுத்தேன். பாதி வேகம் கேட்டால், கன்ட்ரோலரின் பிடபிள்யூஎம் முனையில், அதாவது வேகத்தைத் துடிப்பின் நீளத்தால் சொல்லும் முனையில், 5 வோல்ட் துடிப்பு பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது. சாதாரண மீட்டர் அதைச் சராசரியாக்கி ஏறத்தாழ 2.5 என்று காட்டும். அப்படியே காட்டியது. பிறகு அந்தத் துடிப்பை வாங்கி 0 முதல் 10 வோல்ட்டாக மாற்றி டிரைவருக்குக் கொடுக்கும் சிறிய போர்டின் நுழைவில் மீட்டரை வைத்தேன். அங்கே 1.1 காட்டியது. ஒயரைத் தொட்டால் 1.9, விட்டால் 0.7. ஒரே இணைப்பின் இரண்டு முனைகளில் இரண்டு கணக்கு வந்தால் களவு நடுவழியில்தானே நடந்திருக்க வேண்டும்? கிரவுண்ட் ஒயரின் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். கம்பியின் நுனி, துலக்காமல் விட்ட குத்துவிளக்கின் அடியைப் போலப் பச்சை பூத்திருந்தது. அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கினேன். துடிப்பை மாற்றித் தரும் அந்தச் சிறிய போர்டிலிருந்து, பாதி வேகத்துக்குரிய 5 வோல்ட் ஆடாமல் அசையாமல் வந்தது. தகரக் கூரைக் கொட்டகையில், ஐப்பசி மழையிலும் மூடுபனியிலும் இரவெல்லாம் கிடக்கும் செம்புக் கம்பிக்கு வேறு என்ன நேரும்? செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இதற்குப் பெயர் அதிர்ஷ்டமாம்.

நான் தவறே செய்யாதவன் என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், லேசர் தலையைக் கழற்றிவிட்டு என் இயந்திரத்தில் ஸ்பிண்டிலைத் திரும்ப மாட்டினேன். எம்3 கொடுத்தால் அசையவே இல்லை. ஸ்பிண்டிலுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதைப் பிடுங்கும்போது போர்டின் செம்புத் தடத்தையும் சேர்த்து உரித்துவிட்டேன். கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் 32ஆம் எண் அமைப்பு, அதாவது லேசர் முறை, 1 என்றே இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அந்த முறையில் ஜி0 நிலையில், அதாவது வெட்டாமல் நகர்வதற்கான நிலையில், நிற்கும் இயந்திரம் எம்3 கொடுத்தாலும் வெளியீட்டைத் திறக்காது. அதை 0 ஆக்கியிருந்தால் போதும். அன்று நானும் அளக்கவில்லை, அதனால்தான் இன்று இப்படிக் கத்துகிறேன்.

"தொழிற்சாலையில் போர்டை மாற்றிப் பார்ப்பதுதான் வேகமான வழி" என்பார்கள். உதிரி போர்டு அலமாரியில் இருக்கும் இடத்தில் சரி. இங்கே போர்டு கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் வராது. "மின்சாரம் இருக்கும்போது அளப்பது ஆபத்து" என்பதை மட்டும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி என்ற டிரைவர் வைத்த ஸ்பிண்டிலில் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாகி 325 வோல்ட் வரை கப்பாசிட்டரில் நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சில நிமிடம் உயிரோடு இருக்கும். ஆனால் அது அளக்கக் கற்றுக்கொள்வதற்கான காரணமா, அளக்காமலிருப்பதற்கான காரணமா?

"மலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்" என்றும் ஒருவர் சொன்னாராம். கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பற்சட்டத்தைப் பிடித்து ஏறும் ரயிலை 1899 முதல் ஓட்டிக்கொண்டிருக்கும் மலை இது, ஐயா. 1000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து விஎஃப்டி சரியாகக் குளிராது, சுமையைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருப்பதை, ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் இயந்திரம் வைத்திருப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழேயிருந்து வருபவர்கள் அதைப் படித்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

அந்தத் தம்பி என்னிடம் காசு எவ்வளவு என்று கேட்டான். தேநீர் போதும் என்றேன். அதையும் "பொழுதுபோக்கு" என்று எழுதிவிட்டார்கள். காசு வாங்கியிருந்தால் நிபுணர் ஆகியிருப்பேன் போலிருக்கிறது.

செத்துவிட்டது என்று கழற்றிப் போடப்பட்ட அந்தப் பழைய போர்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. எஸ்500 கொடுத்தால் இன்று காலையிலும் 2.5 வோல்ட் காட்டியது. 4,800 ரூபாய் வாங்கியவர் எந்த நாளும் வந்து பார்க்கலாம். மீட்டர் நானே தருகிறேன்.