அந்த பாக்ஸ் 1952 இல்லங்க

இந்த ஜான் டியர் டிராக்டர் பொம்மை பாக்ஸோட சேத்து 1952ல எர்டில்ங்கிற அமெரிக்க பொம்மை கம்பெனி விட்டதுன்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, நிறைய பேர் ஷேரும் பண்றீங்க. பொம்மை பழசாவே இருக்கலாம், ஆனா பாக்ஸ் கண்டிப்பா 1952 கிடையாது. போட்டோவ ஜூம் பண்ணி பாருங்க, ஓரத்துல டயர்ஸ்வில், அயோவா 52040னு சின்னதா அட்ரஸ் இருக்கு. எர்டில் 1945ல அதே அயோவால இருக்கிற டுபியூக் ஊர்ல ஆரம்பிச்சு 1959லதான் டயர்ஸ்வில்லுக்கே போனாங்க, அதுக்கும் மேல அமெரிக்காவுல 52040 மாதிரி இந்த அஞ்சு இலக்க ஜிப் கோடு (நம்ம பின்கோடு மாதிரி) வந்ததே 1963 ஜூலைலதான், அவங்க தபால் துறை சைட்லயே யார் வேணா பாத்துக்கலாம். பழைய டிராக்டர பின்னாடி வந்த பாக்ஸ்ல வெச்சு விக்கிறது சகஜம், பாக்ஸுக்குன்னே தனியா காசு குடுக்குறோம், அதனால வாங்குறதுக்கு முன்னாடி எல்லா பக்கமும் போட்டோ கேட்டு அந்த அட்ரஸ் வரிய படிச்சிருங்க.