மாணவர் மன்றத்துக்குப் பதில் சொல்லுங்கள்

மாணவர் மன்றத் தேர்தலில் நிற்கும் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவியெல்லாம் மேடைப் பேச்சைச் சுற்றியே இருக்கிறது. எங்கே குரலை உயர்த்த வேண்டும், எந்த வரிக்குக் கைதட்டல் விழும் என்று மாமாவும் சித்தியும் மாறிமாறிச் சொல்லிக்கொடுக்கிறோம். பதவிக்கு வந்தபின் அந்தப் பிள்ளை என்ன செய்யும், அதைச் செய்ய யார் விடுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இந்தத் தேர்தலில் பெரிதாகப் படுவது அந்தக் கேள்விதான்.

என் அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு விளையாட்டுச் செயலாளர் பதவிக்கு நின்றாள். சுவரொட்டி எழுதுவதற்கு முன்பே, இடைவேளைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்தாள். புதிய மைதானம் கேட்பார்கள், போட்டிகள் கேட்பார்கள் என்று நினைத்துப் போனவளிடம் அவர்கள் சொன்னது, "எங்களுக்குப் பந்தே கிடைப்பதில்லை அக்கா." பெரிய வகுப்பு மாணவர்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள், மிஞ்சுவது காற்றுப் போன பந்து. அலமாரிச் சாவி உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கிறது. நேராக அவரிடமே போய்க் கேட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் பொறுப்பாகத் திருப்பித்தர ஓர் ஆள் இருந்தால் இரண்டு பந்துகளைச் சின்ன வகுப்புகளுக்கென்றே ஒதுக்கிவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார். மேடையில் அவள் கொடுத்த வாக்குறுதி அவ்வளவுதான்: இரண்டு பந்துகள், ஒரு பதிவேடு. எதிர்த்து நின்ற பையன் நீச்சல் குளமே கட்டித்தருவதாகச் சொன்னான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் மேடைகளில் பேசுவதைக் கேட்டுத்தானே அவன் வளர்கிறான்!

அவள் வென்றாள். பந்துகளும் வந்துவிட்டன.

அவள் பள்ளியில் வாக்குச்சீட்டு உண்டு. கையைத் தூக்கச் சொல்லி எண்ணும் பள்ளிகள் இன்னமும் இருக்கின்றன. வகுப்பாசிரியர் எதிரே நிற்க, நெருங்கிய நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பத்து வயதுப் பிள்ளை தன் மனத்துக்குப் பிடித்தவருக்குத்தான் கை தூக்கும் என்று எப்படி நம்புவது? அரசே அச்சிட்ட சீட்டில் இரகசியமாக வாக்களிக்கும் முறையை 1856ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் சட்டமாக்கிவிட்டன. பள்ளிக்கு ஒரு துண்டுக் காகிதமும் மூடியுள்ள ஒரு பெட்டியும் போதும். நல்ல மதிப்பெண் வாங்குபவர்தான் வேட்புமனு கொடுக்கலாம் என்ற நிபந்தனையும் ஒழிய வேண்டும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கும் பள்ளியில் எது சரியில்லை என்பது நன்றாகவே தெரியும்.

என்னைக் கொதிக்க வைப்பது தேர்தலுக்குப் பிறகு நடப்பது. மன்றத்தின் முதல் கூட்டத்தில் மாணவியர் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைச் சொன்னார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பொறுப்பாசிரியர் குறித்துக்கொண்டார். பருவத் தேர்வே முடிந்துவிட்டது, பதில் வரவில்லை. முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். பணம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால்கூடத் தங்கள் பேச்சு யார் காதிலோ விழுந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் நம்பியிருப்பார்கள்.

1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. அதோடு விட்டுவிடவில்லை. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பும் கொடுக்க வேண்டும் என்கிறது. தேர்தல் நடத்தி, பதவியேற்பு விழாவில் பட்டையும் பதக்கமும் அணிவித்துப் படம் எடுத்துக்கொண்டால் அந்த மதிப்பைக் கொடுத்ததாக ஆகாது.

இடம் கொடுத்தால் பிள்ளைகள் மடத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படும் ஆசிரியர்கள் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிப் படிக்க வேண்டும். போலந்து நாட்டு மருத்துவர். வார்சாவில் 1912இல் திறக்கப்பட்ட ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தியவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள் மீதும் அங்கே வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அதன்முன் நிறுத்தப்பட்டிருக்கிறார். அதனால் அந்த இல்லம் குட்டிச்சுவராகிவிடவில்லை. ஒரு தாழ்ப்பாளைப் பற்றிப் பதில் சொல்வதால் எந்தத் தலைமையாசிரியரின் மதிப்பும் குறையாது.

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். மன்றம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். செய்வோம், செய்ய மாட்டோம், இன்ன காரணம் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சிறு தொகையேனும் மன்றத்தின் பொறுப்பில் விட்டு, வரவுசெலவைப் பொருளாளரையே எழுதச் சொல்லுங்கள். வரும் பெற்றோர் கூட்டத்தில் அக்காளும் நானும் இந்தக் கோரிக்கையை எழுதியே கொடுக்கப்போகிறோம். தாழ்ப்பாளைப் பற்றியும் கேட்போம்.